நாளைக்கு நீ வரவில்லை என்றால்

அலெக்சாந்திரியாவில், இப்ராஹிமிய்யா டிராம் நிறுத்தத்துக்குப் பின்தெருவில் உள்ள டயாலிசிஸ் நிலையத்தில் மதாம் இன்ஷிராஹுக்கு ஆந்தை என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். அவள் செருப்புச் சத்தம் நடைவழியில் கேட்டதும் நர்சுகள் மேசைக் கட்டையைத் தொட்டுக்கொள்வார்கள். வரவேற்பில் உட்காரும் நெவீன் கழுத்துச் சிலுவையைத் தடவுவாள். ஆந்தை கூரையில் வந்து உட்கார்ந்தால் அந்த வீட்டில் சாவு விழும் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர் அதெல்லாம் பொய் என்று சொல்லிக்கொண்டே கல்லெடுத்து விரட்டுகிறார்கள். இன்ஷிராஹ் என்றால் மனசு லேசாவது என்று பொருள். அந்தப் பெயரை வைத்த அப்பாவுக்கு ஜோசியம் தெரியாது, பாவம்.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை உட்காரவைத்து, கரண்டு போனால், தண்ணீர் நின்றால், தெரு முங்கினால், ஆள் வராமல் போனால் நிலையத்தை எப்படி நிற்காமல் நடத்துவது என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. காகிதத்தில் அதற்குப் பணித் தொடர்ச்சித் திட்டம் என்று கம்பீரமான பெயர். ஊழியர்கள் அதைச் சாவுப் பாடம் என்பார்கள். மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையில் நடக்கும். தேநீர் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும், புதினா வாசனை வரும், ஆனால் கோப்பை கைக்கு வராது. கேள்விக்குப் பதில் சொன்னால்தான் தேநீர்.

கேள்வி ஒன்றுதான். “நாளைக்கு நீ வரல. உன் வேலைய யாரு பாப்பா?”

புது ஆட்கள் சிரிப்பார்கள். ஆண்டவன் கிருபையில் வந்துவிடுவேன் என்பார்கள். வரமாட்டாய் என்பாள் இன்ஷிராஹ். டிராம் ஓடாவிட்டால் நடந்தாவது வருவேன் என்பார்கள். நீ செத்துப்போய்விட்டாய், எப்படி நடப்பாய் என்பாள். அத்தோடு அறை கலவரமாகிவிடும். ஒருத்தி காதைப் பொத்துவாள், இன்னொருவன் எழுந்து வெளியே போய் சிகரெட் பற்றவைப்பான். ஒரு முறை கணக்குப்பிரிவில் சேர வந்த பெண் பாடத்தோடு வேலையையும் விட்டுவிட்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

எங்கள் ஜனங்களுக்குக் கெட்டதை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால், எங்கோ போய்க்கொண்டிருக்கிற அது, கூப்பிட்டாயா என்று திரும்பிப் பார்க்கும் என்று பயம். “நான் போயிட்டா” என்று யாராவது ஆரம்பித்தால் போதும், எதிரில் இருப்பவர் பாய்ந்து வந்து, “கெட்டது தூரப் போகட்டும், எங்க எல்லாரையும் நீதான் அடக்கம் பண்ணுவ” என்று வாயை அடைத்துவிடுவார். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பு வந்து நின்றதும் பேச்சு செத்துவிடும். கேட்க வந்தது கேட்கப்படாமலே போய்விடும். அப்படிக் கேட்கப்படாமல் போனவற்றின் மேல்தான் எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் நடக்கின்றன.

திட்டம் வேண்டும் என்று சுகாதார அலுவலகம் உத்தரவு போட்டபோது நிலையத்தின் தலைமை டாக்டர் ஹாதிம் அதை ஒவ்வொரு மேசையாகத் தள்ளிப் பார்த்தார். யாரும் தொடவில்லை. கடைசியில் இன்ஷிராஹிடம் வந்தது. அவள் விதவை, வர வேண்டிய கெட்டது ஏற்கெனவே வந்துவிட்டது, இனி பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அவள் முதலில் போய் நின்றது மெக்கானிக் உஸ்தா நசீஃபிடம். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் அறையும் ஜெனரேட்டரும் அவர் ராஜ்யம். அவரைத் தவிர அங்கே ஒரு வால்வைத் திருப்ப ஆள் கிடையாது. உங்களுக்கு அடுத்தபடியாக ஒருவரைப் பழக்க வேண்டும் என்று அவள் சொன்னதும் மனிதர் முகம் கறுத்துவிட்டது.

“என் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தியா?” என்றார்.

“ஆமா, அளவெடுக்கறேன். பெட்டி செய்யறதுக்குள்ள அந்த வால்வ உங்க எடுபிடிப் பையன் மைசராவுக்குக் காட்டிடுங்க.”

அவர் பல நாள் அவளுடன் பேசவில்லை. கூடி உட்கார்ந்து ஃபூல் என்ற மொச்சைக் கூட்டு சாப்பிடும்போது தன் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆனால் மைசராவுக்கு வால்வைக் காட்டினார். இப்போது அந்த நிலையத்தில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் உண்டு, மூன்றாவது ஆள் உண்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி உண்டு.

பாகோஸ் பகுதியில், நாலாவது மாடியில், அவள் வீட்டுக்கு மட்டும் ஒரே சாவி.

அந்த வீட்டில் அவளுடன் இருப்பது மகள் ரபாப். இருபதைத் தாண்டியவள், மனசு மட்டும் ஐந்தாறு வயதில் நின்றுவிட்டது. வீட்டைத் துடைப்பதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. தரை கண்ணாடியாக இருக்கும். மாலையில் அம்மா கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, “காலத் தொடச்சியா?” என்று கேட்பாள். இல்லை என்றால் கதவு ஒரு சாண் திறந்து, ஒரு கை துணியை நீட்டும். துடைத்த பிறகுதான் பிரவேசம். சாவி பையிலேயே இருந்தாலும் இன்ஷிராஹ் அதைத் தொடமாட்டாள். நாள் முழுக்க மகள் காத்திருப்பது அந்தக் கேள்வியைக் கேட்கத்தான். வேறு யார் தட்டினாலும் ரபாப் மூச்சு விடமாட்டாள். அம்மா குரல் இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது என்று இன்ஷிராஹ் வருஷக்கணக்காகப் பழக்கியிருந்தாள். தனியாக இருக்கும் பெண், ஊர் கெட்டுக் கிடக்கிறது, வேறென்ன செய்வாள்.

அப்பா ஃபத்ஹீ இருந்தவரை சோறூட்டுவது அவர் வேலை. கரண்டிதான் டிராம். இந்த வாய் ஸ்போர்ட்டிங், இந்த வாய் கிளியோபாத்ரா, இந்த வாய் சீதி காபிர் என்று நிறுத்தம் நிறுத்தமாக ஓட்டி வீடு வருவதற்குள் தட்டு காலியாகிவிடும். வேறு யார் கையிலும் அந்த டிராம் ஓடாது. எனக்கும் சொல்லிக்கொடுங்களேன், ஒரு நாள் நீங்கள் இல்லாவிட்டால் என்று இன்ஷிராஹ் கேட்டபோது அவரும் எல்லாரையும் போலத்தான் அவள் வாயைப் பொத்தினார். ஒரு காலையில் கடைக்குக் கிளம்பியவர் செருப்பு மாட்டும்போதே சரிந்தார். அதற்கப்புறம் சில நாள் ரபாப் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு டிராமுக்காகக் காத்திருந்தாள். இன்ஷிராஹ் நிறுத்தங்களின் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக் கரண்டியை நீட்ட, அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அந்த நாட்களில்தான் இந்த ஆந்தை முட்டையிலிருந்து வெளியே வந்தது.

இதெல்லாம் தெரிந்தவளுக்குத்தான் இந்த வருஷம் இதயத்தில் ஒரு வால்வு பழுது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சின்ன வயசுக் காய்ச்சல் விட்டுப்போன வடுவாம். நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். பிழைப்பாளா என்ற கவலை அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் படுத்தால் தூக்கத்தைத் துரத்தியது அது இல்லை. நான் திரும்பி வராவிட்டால் ரபாபுக்கு யார்?

தம்பி மம்தூஹிடம் போனாள். அவன் மனைவி பருப்புச் சூப்பும் பொரித்த வெங்காயமும் வைத்து உபசரித்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டு விஷயத்தைத் தொடங்கியதும் மம்தூஹ் எழுந்து வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டான். கெட்டது தூரப் போகட்டும் அக்கா, நீ நூறு வயசு இருப்ப என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. வேஷம் இல்லை. ஆனால் பதிலும் இல்லை. எதிர்வீட்டு நாதிரின் அம்மா உம் நாதிரிடம் கேட்டாள். அவள் கட்டிப்பிடித்து அழுது, இப்படிப் பேசினால் இனி வாசலில் கால் வைக்கமாட்டேன் என்று கோபித்துக்கொண்டாள். புது ஆட்களைத் தேநீர் கொடுக்காமல் உட்காரவைத்துப் பதில் வாங்குகிறவளுக்குத் தன் ஜனங்களிடம் அந்தத் தெம்பு வரவில்லை. முத்தங்களை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினாள். அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

அந்த மாதம் சேர்ந்த புது ஆட்களில் ஷஹீரா என்ற நர்சு ஒருத்தி. தெற்கே சோஹாக் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயசு இருக்கும், பேச்சில் எண்ணெய் தடவத் தெரியாதவள். சாவுப் பாடத்தில் அவள் முறை வந்தது. நாளைக்கு நீ வரவில்லை, யார் என்று இன்ஷிராஹ் கேட்டாள்.

“என் தங்கச்சி,” என்றாள் ஷஹீரா, யோசிக்காமல்.

எந்த வார்டில் வேலை செய்கிறாள் உன் தங்கை என்று நெவீன் கிண்டலாகக் கேட்க, ஷஹீரா நிமிர்ந்தாள். “வீட்டையும் சேத்துக் கேக்கறாங்கன்னு நினைச்சேன். நான் செத்தா என் பிள்ளைங்க தங்கச்சிகிட்ட. அவ செத்தா அவ பிள்ளைங்க என்கிட்ட. உக்காந்து பேசி முடிச்சாச்சு. இங்கன்னா நீங்க சொல்ற ஆளு.”

அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஷிராஹ் தன் கையாலேயே தேநீர் ஊற்றி அவளிடம் கொடுத்தாள். வாங்கும்போது ஷஹீரா அவளுடைய நீலம் பாரித்த உதட்டையும் நகத்தையும் பார்த்தாள். நர்சுகளின் பார்வை, மேயப்போன மாடு மாதிரி எங்கெங்கோ போகும்.

“உங்க இடத்துல யாரு, மதாம்?”

“நெவீன்.”

“அது இங்க. வீட்டுல?”

இன்ஷிராஹ் வாயைத் திறந்தாள். அவள் வாயிலிருந்து, அவள் கேட்காமலே, அவளுக்கு முன்னால் குதித்து வந்தது: “கெட்டது தூரப் போகட்டும்.”

அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பு அதுவரை கேட்டதில்லை. நெவீன் மேசையில் தலை சாய்த்துச் சிரித்தாள். மைசரா கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஷஹீரா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டு போனால் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றும் பயிற்சியைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு இன்ஷிராஹ் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். முகம் கழுவவில்லை, சும்மா நின்றாள்.

எங்கள் ஊரில் புயல்களுக்குப் பெயர் உண்டு. குளிர்காலத்தை வாசல் கூட்டி வரவேற்கிற முதல் புயலுக்குத் துடைப்பம் என்று பெயர். அந்த வருஷம் துடைப்பம் காலையிலேயே கடலைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தது. கடற்கரைச் சாலை தெரியவில்லை. சுரங்கப்பாதைகள் கிணறாகிவிட்டன. டிராம்கள் நின்ற இடத்திலேயே தூங்கின. நிலையத்தில் எல்லா நாற்காலியிலும் நோயாளிகள், குழாய்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, கரண்டு போயிற்று.

ஒருவரும் கத்தவில்லை. நர்சுகள் இயந்திரங்களின் பக்கத்தில் மடங்கியிருந்த கைப்பிடிகளை விரித்துக் கையால் சுற்றத் தொடங்கினார்கள். குழாயில் நின்ற ரத்தம் மெதுவாக உடம்புகளுக்குத் திரும்பியது. நசீஃப் வெள்ளத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார். மைசரா ஜெனரேட்டரைக் கிளப்பினான், தெருத் தண்ணீரை அடைத்துத் தொட்டித் தண்ணீருக்கு மாற்றினான். விளக்குகள் திரும்ப வந்தன. மூலை நாற்காலியில் இருந்த ஹாஜி பய்யூமி, “ஆந்தை அலறினதும் ஒரு நல்லதுக்குத்தான்,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவள் அங்கேயே நிற்பதைப் பார்த்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மதியத்துக்குள் நசீஃபும் முழங்கால் வரை நனைந்து வந்து சேர்ந்தார். இன்ஷிராஹ் வாழ்க்கையிலேயே அவள் சொன்னது அப்படியே நடந்த நாள் அது.

அன்று முழுக்க அவள் வீட்டுத் தொலைபேசியை அழைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இடி என்றால் ரபாப் குளியலறையில் போய்க் கதவை மூடிக்கொள்வாள். எதிர்வீட்டு உம் நாதிர் மகளைப் பார்க்கத் தமன்ஹூருக்குப் போயிருந்தாள். கேஸ் அடுப்பு, ஈரக் கை, ஜன்னல் என்று இன்ஷிராஹின் புத்தி ஒவ்வொரு மூலையாகப் போய் முட்டிக்கொண்டது. நிலையத்தை நெவீனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம், நெவீன் வராவிட்டால் நசீஃபிடம். அதையெல்லாம் அவளே ஏற்பாடு செய்திருந்தாள். நெவீனிடம் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தண்ணீரில் இறங்கிப் பத்தடி போயிருக்கமாட்டாள், மூச்சு நின்றது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்தாள்.

காலை ஷிப்ட் முடித்து வெளியே வந்த ஷஹீராதான் அவளை இழுத்துப் படியில் உட்காரவைத்து நாடி பிடித்தாள். மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று இன்ஷிராஹ் மூச்சிரைக்கச் சொன்னாள்.

“நடுத்தெருவுல விழுந்தீங்கன்னா அவளுக்கு யாரு?” என்றாள் ஷஹீரா. “நானும் பாகோஸ்லதான் இருக்கேன். எந்த வீடுன்னு சொல்லுங்க.”

கதவைத் திறக்கமாட்டாள் என்று இன்ஷிராஹ் சொன்னாள். சாவியைக் கொடுங்கள் என்றாள் ஷஹீரா. இன்ஷிராஹ் பையைத் திறந்தாள், சாவியைத் தொட்டாள், எடுக்கவில்லை. தெரியாத ஒருத்தி திடுதிப்பென்று உள்ளே நுழைந்தால் ரபாப் ஜன்னல் பக்கம் ஓடுவாள். முன்பு ஒரு தடவை எலக்ட்ரிசிட்டி மீட்டர் பார்க்க வந்தவன் நுழைந்தபோது அப்படி ஓடியிருக்கிறாள். நாலாவது மாடி. அதை ஷஹீராவிடம் சொன்னாள்.

சரி, வெளியே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஷஹீரா தண்ணீரில் இறங்கி நடந்தாள்.

வெகுநேரம் கழித்து அவள் போன் வந்தது. ரபாப் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறாள், மூச்சுச் சத்தம் கேட்கிறது, ஒரு வார்த்தை பேசுங்கள் என்றாள். கதவில் வைத்த போனில் இன்ஷிராஹ் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அது தப்பாகிவிட்டது. அம்மா குரல் வருகிறது, அம்மா இல்லை. உள்ளே கிளம்பிய ஓலம் போனைத் தாண்டி, நிலையத்து நடைவழியில் நின்ற நசீஃபுக்கே கேட்டது. வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஷஹீரா துண்டித்துவிட்டாள். இன்ஷிராஹ் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகளை யாரிடமிருந்தெல்லாமோ காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தன் ஒருத்தி குரலுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. ஃபத்ஹீ செய்ததையே செய்திருக்கிறோம் என்பதும் புரிந்தது. செத்துப்போன மனிதன் மேல் இத்தனை வருஷம் வைத்திருந்த கோபம் திரும்பி வந்து அவள் மடியிலேயே விழுந்தது.

அஸர் தொழுகை முடிந்து வெளிச்சம் மங்கும் நேரத்தில் நசீஃப் எங்கிருந்தோ ஒரு தண்ணீர் லாரியைப் பிடித்து வந்தார். உயரமான வண்டி. அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, அவர் பாட்டுக்குச் சொன்னார்: “உன் வேலைய நாங்க பாத்துக்கறோம். போ.” இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அவ்வளவு இணக்கமாகப் பேசியதில்லை.

பாகோஸில் மாடிப்படி இருட்டாக இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். தன் வீட்டுக்கு முந்தின திருப்பத்தில் மேலேயிருந்து ஷஹீராவின் குரல் கேட்டது. கதவோடு பேசிக்கொண்டிருந்தாள். அலுத்த குரல், தொண்டை கட்டியிருந்தது. இன்ஷிராஹைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் இறங்கி வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். அவள் தலைத்துணியிலிருந்து இன்னும் நீர் சொட்டியது.

“முதல்ல அழுதா,” என்றாள் கிசுகிசுப்பாக. “அப்புறம் சும்மா இருந்தா. எனக்கும் பேச ஒண்ணும் தோணல, நடந்து வந்த வழியச் சொன்னேன். ஸ்போர்ட்டிங்ல டிராம் நின்னுச்சு, கிளியோபாத்ராவுல கார் மிதந்துச்சுன்னு. நான் ஊருக்குப் புதுசு, பாருங்க, ஃபிளமிங் ஸ்டாப்ப விட்டுட்டேன். உள்ளேருந்து ‘ஃபிளமிங்’ன்னு திருத்தினா. திரும்பவும் சொல்லச் சொன்னா. அதையேதான் இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

இன்ஷிராஹ் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மூச்சு அடங்கக் காத்திருந்தாள். பிறகு, மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு நெஞ்சத் தொறக்கறாங்க. நான் திரும்பி வரல. இவளுக்கு யாரு?”

கெட்டது தூரப் போகட்டும் என்ற அந்தப் பழைய வார்த்தைக்காக அவள் தன்னைத் திடப்படுத்திக்கொண்டாள். ஷஹீரா தலைத்துணியின் நுனியைப் பிழிந்துவிட்டு யோசித்தாள்.

“கொஞ்ச நாளைக்கு நான், அக்கா. எப்பவும்னு சொல்லமாட்டேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க, மாமியார் படுக்கையில கெடக்கா. பொய்ச் சத்தியம் பண்ணினா உங்களுக்குத்தான் கெடுதல். உங்க தம்பி வீட்டுக்கு நானும் வரேன். அவர் முத்தம் குடுக்கட்டும், அழட்டும். பதில் சொல்லாம எந்திரிக்க விடமாட்டேன்.”

நீ சாகக்கூடும் என்று முதல் தடவையாக ஒருத்தி அவளிடம் ஒத்துக்கொண்டாள். இன்ஷிராஹ் தலைத்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். துக்கமும்தான், ஆனால் அதைவிட ஆறுதல். பல மாதமாகத் தனியாகத் தூக்கி வந்த மூட்டையின் ஒரு காதை யாரோ பிடித்தது போல இருந்தது. ஷஹீரா அவளைத் தடவிக்கொடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

பிறகு இருவரும் எழுந்தார்கள். கதவு வரை போனதும் இன்ஷிராஹின் கை தானாகப் பைக்குள் போய்ச் சாவியை எடுத்தது. பூட்டு வரைக்கும் கொண்டுபோனாள். ஒரு வார்த்தை போதும், ரபாப் என்று சொன்னால் போதும், மகள் பறந்து வந்து கதவைத் திறப்பாள். காலையிலிருந்து அந்தக் குழந்தை சாப்பிட்டிருக்காது. அவளுக்கு உடம்பு முழுக்க அந்த ஒரு வார்த்தையாக இருந்தது.

சாவியைத் தலைத்துணி நுனியில் முடிந்துகொண்டு பின்னால் வந்து, திருப்பத்துக்குக் கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாத படியில் உட்கார்ந்தாள். நீ கேள் என்று ஷஹீராவுக்குக் கையால் சைகை காட்டினாள்.

ஷஹீரா தட்டினாள். “ரபாப், நான்தான் ஷஹீரா. டிராம் பாகோஸ் வந்துருச்சு. கதவத் தொற.”

கீழே எங்கேயோ தண்ணீர் சலசலத்தது. இன்ஷிராஹ் வாயின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். நெஞ்சு அடித்துக்கொள்வது உள்ளே இருப்பவளுக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. ஷஹீரா இன்னொரு தடவை தட்டவில்லை. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“காலத் தொடச்சியா?”

ஷஹீரா குனிந்து பார்த்தாள். “இல்ல. முழங்கால் வரைக்கும் சேறு.”

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை துணியை நீட்டியது.